செவியிழந்த பாணன்: ‘குவைடான்’ என்னும் ஜப்பானியத் திரைப்படம் – ஓர் ஆய்வு

முன்னுரை

பேய்க்கதை என்றவுடன் கற்றோர் சற்றே முகஞ்சுளிப்பது வழக்கம். அது சிறுவர்க்கு உரியது, அன்றேல் பொழுதுபோக்கிற்கு உரியது, ஆய்வுக்கு உரியதன்று என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. தமிழ்த்துறையின் மலருக்கு ஒரு பேய்ப்படத்தைப் பற்றி எழுதப் போகிறோம் என்றபோது, “இதற்கா பக்கம் ஒதுக்க வேண்டும்?” என்று நம் மூத்த நண்பர் ஒருவர் வினவினார். அவர் வினாவில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயின், நாம் எடுத்துக்கொண்ட படத்தில் வரும் பேய்கள் எவரையும் அச்சுறுத்துவதற்காக வருவன அல்ல. அவை பாட்டுக் கேட்க வருகின்றன. தம் அழிவின் கதையைப் பிறர் வாயால் கேட்டு அழ வருகின்றன. வாய்மொழி இலக்கியம் பயில்வோர் இதனைக் கண்டும் காணாது செல்லுதல் தகாது என்பது நம் கருத்து. அக்கருத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படம் ‘குவைடான்’. விந்தையும் அச்சமும் கலந்த கதை என்பது அச்சொல்லின் பொருள். மசாக்கி கோபயாஷி இயக்கிய இப்படம் 1964ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. 1965இல் கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசைப் பெற்றது. மூன்று மணி நேரம் ஓடும் இப்படத்தில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு கதைகள் உள்ளன. கருங்கூந்தல், பனிப்பெண், செவியில்லாத ஹோயிச்சி, தேநீர்க் கோப்பையினுள் என்பன அவை. அமெரிக்காவில் வெளியிட்டபோது நீளங்கருதிப் பனிப்பெண் கதையை வெட்டிவிட்டனர். மூன்றாவதாக அமைந்த ஹோயிச்சியின் கதையே நான்கினுள் நீளமானது, கடலோடு பிணைந்தது. நாம் ஆராயப் புகுவதும் அதனையே.

கடலுள் மாய்ந்த குலம்

இக்கதையை உணர வேண்டுமாயின் முதற்கண் ஒரு போரை அறிதல் வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜப்பானை ஆட்டிப்படைத்த குலம் தைரா. இக்குலத்தாரை ‘ஹெய்கே’ என்றும் அழைப்பர். அவர்தம் தலைவன் கியோமோரி தன் மகளை அரசனுக்கு மணமுடித்தான், அவள் வயிற்றுப் பேரனையே அரியணையில் அமர்த்தினான். 1181இல் கியோமோரி மறைந்தான். பகைக்குலமான மினமோத்தோவினர் எழுந்தனர். தலைநகரை இழந்த தைரா குலத்தார் குழந்தை அரசனையும் அரசுச் சின்னங்களையும் எடுத்துக்கொண்டு மேற்கு நோக்கிக் கடல்வழியே ஓடினர். ஜப்பானின் பெருந்தீவான ஹொன்ஷுவும் கியூஷுவும் ஒன்றையொன்று நெருங்கும் ஷிமோனோசெகி நீரிணையில், டான்னோஉரா என்னுமிடத்தில், 1185ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் இறுதிப்போர் நிகழ்ந்தது. அந்நீரிணையில் நீரோட்டம் மிகக் கடுமையானது. நாளொன்றில் பன்முறை திசைமாறுவது. முற்பகலில் தைராவுக்குத் துணைநின்ற நீரோட்டம் பின்னர் எதிரிக்குத் துணையாயிற்று என்பர். தம் பக்கத்துத் தலைவன் ஒருவனே பகைவரோடு சேர்ந்துகொண்டதும் தோல்விக்குக் காரணமாயிற்று.

இனி மீட்சியில்லை என்று தெளிந்தபோது, கியோமோரியின் கைம்பெண்ணான பாட்டி குழந்தை அரசன் அந்தோக்குவை அணைத்துக்கொண்டாள். ‘எங்கே அழைத்துச் செல்கிறீர்கள்?’ என்று குழந்தை வினவ, அலைகளுக்கு அடியிலும் ஒரு தலைநகர் உண்டு என்று ஆறுதல் கூறி, அவனோடு கடலுள் பாய்ந்தாள் என்று அந்நாட்டுக் காப்பியம் கூறும். அரசனுக்கு அப்போது அகவை ஆறு. அரசுச் சின்னங்களுள் ஒன்றான வாளும் அன்று கடலுள் மூழ்கியது, பின்னர்க் கிடைக்கவேயில்லை. குழந்தையின் தாயும் கடலுள் குதித்தாள். பகைவர் அவளைக் கூந்தலைப் பற்றி மேலே இழுத்துக் காப்பாற்றிவிட்டனர். அவள் எஞ்சிய வாழ்நாளைத் துறவியாகக் கழித்தாள். காப்பாற்றப்பட்டதுதான் அவளுக்கு வாய்த்த தண்டனையோ என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

அக்கடலில் ஒருவகை நண்டு வாழ்கிறது. அதன் ஓட்டின்மீது சினங்கொண்ட மனித முகம் போன்ற வடிவம் காணப்படும். மாண்ட வீரரே நண்டுகளாயினர் என்பது மக்கள் நம்பிக்கை. முகம்போன்ற நண்டுகளை மீனவர் மீண்டும் கடலில் விட்டமையால் அவ்வினம் பெருகிற்று என்று ஜூலியன் ஹக்ஸ்லி என்னும் அறிஞர் 1952இல் ஒரு விளக்கம் தந்தார். கேட்க இனிய விளக்கந்தான். எனினும் அந்நண்டு மிகச் சிறியது, உண்பதற்குரியதன்று. ஓட்டின் வரிகளோ உள்ளே தசைகள் பற்றியிருக்கும் இடங்கள். எனவே பின்வந்தோர் அவ்விளக்கத்தை மறுத்தனர்.

பிவாவும் அதனை இசைத்தோரும்

டான்னோஉராவில் மாண்டவர்களின் கதையை ஊரூராகக் கொண்டு சென்றோர் விழிப்புலன் இழந்த பாடகர்கள். தலையை மழித்துத் துறவியர் கோலத்தில் திரிந்த இவர்கள், பிவா என்னும் நரம்புக்கருவியை மீட்டிக் கதையைப் பாடினர். பாணன் என்னும் சொல்லை ஈண்டு வசதி கருதியே ஆள்கிறோம். பிவாவும் நம் யாழும் ஒன்றல்ல. பிவா சீனத்துப் பிப்பாவின் வழிவந்தது. பிப்பாவோ பாரசீகத்துப் பர்பத் என்னும் கருவியோடு உறவுடையது. அரபு நாடுகளின் ஊத் என்னும் இசைக்கருவியும் அதே குடும்பத்தைச் சார்ந்தது. பாலைவழியே கிழக்கு நோக்கிச் சென்ற ஒரு கருவி, கடலில் மாண்டோரின் கதையைச் சொல்வதற்குப் பயன்பட்டது என்பது எண்ணி மகிழத்தக்கது. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த பிவாக்கள் நாரா நகரத்துக் கருவூலத்தில் இன்றும் காக்கப்படுகின்றன.

இப்பாடகர்களுள் காக்குஇச்சி என்பார் தாம் பாடிவந்த பாடத்தை 1371இல் தம் மாணாக்கர் ஒருவரைக் கொண்டு எழுதுவித்தார். ‘ஹெய்கே மொனொகத்தாரி’ என்னும் அக்காப்பியத்தின் பெருவழக்கான பாடம் அதுவே. எழுதத் தெரிந்தவர் இயற்ற, படிக்கத் தெரிந்தவர் பாராட்டுவதே இலக்கியம் என்று கருதும் மாணவர் இச்செய்தியை ஊன்றி நோக்குதல் வேண்டும். இப்பாடகர்களின் சங்க அமைப்பு 1871இல் அரசாணையால் கலைக்கப்பட்டது.

இவர்கள் பாடியது கேட்போர் மகிழ்ச்சிக்காக மட்டுமன்று. மனக்குறையோடு மாண்டவர் அமைதியுறார் என்பதும், அவர்தம் கதையை முறையாகச் சொன்னால் அவர்கள் ஆறுதல் பெறுவர் என்பதும் அந்நாட்டுப் பழைய நம்பிக்கை. ஹோயிச்சியின் கதை இந்நம்பிக்கையின்மீதே எழுந்தது.

கதை

டான்னோஉராவுக்கு அருகில் அமிதாஜி என்னும் பௌத்தக் கோயில் இருந்தது. கடலில் மாண்டவர்க்காக எழுப்பப்பட்டது அது. போர் முடிந்து பல நூற்றாண்டுகள் கழிந்தபின் அங்கே ஹோயிச்சி என்னும் பார்வையற்ற இளைஞன் தங்கியிருக்கிறான். பிவா மீட்டுவதில் வல்லவன். தலைமைத் துறவி வெளியே சென்றிருந்த ஒரு கோடை இரவில் போர்வீரன் ஒருவன் வந்து அவனைப் பெயர்சொல்லி அழைக்கிறான். உயர்குடிப் பெருமான் ஒருவர் அருகில் தங்கியிருப்பதாகவும், டான்னோஉராப் போரின் பாடலைக் கேட்க விரும்புவதாகவும் கூறி, கையைப் பற்றி அழைத்துச் செல்கிறான். கவசம் ஒலிப்பதைக் கொண்டு அவன் வீரன் என்பதை ஹோயிச்சி உணர்கிறானேயன்றி, அவன் உயிருள்ளவனா என்று ஐயுறவில்லை.

பேரவை ஒன்றில் ஹோயிச்சி பாடுகிறான். தொடக்கத்தில் பாராட்டொலி எழுகிறது. பின்னர் அவை அமைதியில் ஆழ்கிறது. பாட்டி பேரனோடு பாயும் இடம் வந்ததும் அவை முழுவதும் ஓலமிட்டு அழுகிறது. தம் கதையைத்தான் கேட்டு அழுகிறார்கள் என்று பாடுபவனுக்குத் தெரியாது. மறுநாளும் வருமாறு பணிக்கிறார்கள். எவரிடமும் சொல்லக்கூடாது என்று கட்டளையிடுகிறார்கள். நாளடைவில் ஹோயிச்சியின் முகம் வெளிறுகிறது. கோயில் ஏவலர் பின்தொடர்ந்து சென்று பார்க்கிறார்கள். கொட்டும் மழையில், அந்தோக்குவின் கல்லறைமுன் தனியே அமர்ந்து அவன் பாடிக்கொண்டிருக்கிறான். சுற்றிலும் ஆவிகளின் சுடர்கள் எரிகின்றன.

நிலைமையை உணர்ந்த துறவி, ஹோயிச்சியின் உடல் முழுவதும் இதய சூத்திரம் என்னும் திருமறைப் பகுதியை எழுதுவிக்கிறார். எழுத்துப் பட்ட இடம் ஆவியின் கண்ணுக்குத் தெரியாது. அழைத்தாலும் பேசாதே, அசையாதே என்று அறிவுறுத்துகிறார். இரவில் வீரன் வருகிறான். அழைக்கிறான், விடையில்லை. பிவா தெரிகிறது. பிவாவை மீட்டுபவன் தெரியவில்லை. இரண்டு செவிகள் மட்டும் தெரிகின்றன. உடலெங்கும் எழுதியவர்கள் செவிகளை மறந்துவிட்டார்கள். தான் ஏவலை நிறைவேற்ற முயன்றதற்குச் சான்றாக அச்செவிகளைப் பிய்த்தெடுத்துச் செல்கிறான் வீரன். ஹோயிச்சி வாய் திறக்கவில்லை.

ஒரு மாணவரின் வினா

இப்படத்தை நம் முதுகலை மாணவர்களுக்கு ஒருமுறை திரையிட்டுக் காட்டினோம். அவ்வகுப்பில் பார்வையற்ற மாணவர் ஒருவரும் இருந்தார். ‘படத்தை இவருக்கு எவ்வாறு காட்டுவது?’ என்று முன்கூட்டியே எண்ணிப் பார்க்காதது நம் குறை. காட்சிகளை அவர் அருகிலிருந்து விளக்கும் பொறுப்பை நாமே ஏற்றோம். கடற்போர்க் காட்சி தொடங்கியது. செந்நிற வானம், கொடிகள், படகுகள், அம்புகள், இடையிடையே பழைய ஓவியத்தில் தீட்டப்பட்ட அதே போர் என்று நாம் அடுக்கிக்கொண்டே போனோம். சிறிது நேரம் பொறுத்த அவர், “ஐயா, சற்று நிறுத்துங்கள். பாட்டுக் கேட்கவில்லை” என்றார்.

நாம் வாயடைத்துப் போனோம். அதன்பின் அவர் கேட்டதற்கு மட்டுமே விடை கூறினோம். அவர் கேட்டது மிகக் குறைவே. அவையில் இருப்போர் ஆவிகள் என்பதை நாம் சொல்லுமுன்பே அவர் அறிந்திருந்தார். எவ்வாறு என்று வினவியபோது, அங்கே இத்தனை பேர் இருந்தும் மூச்சுவிடும் ஒலிகூட இல்லையே என்றார். இசையமைப்பாளர் தோரு தாக்கெமிட்சு இப்படத்தில் இயற்கையொலிகள் பலவற்றை நீக்கி, அமைதியையே ஓர் இசையாக ஆண்டுள்ளார் என்று நூல்களில் படித்திருந்தோம். படித்ததை அன்றுதான் கேட்டோம். போர்க்காட்சியில் ஒலிக்கும் பிவாவும் குரலும் கின்ஷி சுருத்தா என்னும் பெண் கலைஞருடையவை. திரையில் ஹோயிச்சியாக நடித்தவர் கட்சுவோ நகமுரா.

படம் முடிந்ததும் மாணவர்கள் வழக்கம்போல் பலவும் பேசினர். செவிகளை எழுத மறந்தது கதையாசிரியரின் உத்தி என்றார் ஒருவர். ஊழ் என்றார் இன்னொருவர். பார்வையற்ற அம்மாணவர் மட்டும், “எழுதியவர்கள் கண்ணுள்ளவர்கள் அல்லவா, ஐயா?” என்றார். பார்வையற்றவனுக்கு உலகமாக இருப்பது செவி. அவன் கலைக்கு வாயில் செவி. அவனை இரவில் வெளியே இழுத்துச் சென்ற அழைப்பு புகுந்ததும் அச்செவி வழியே. காக்க வேண்டிய இடம் அதுவே என்பது கண்ணால் வாழ்பவர் நினைவுக்கு வரவில்லை. ஆங்கிலக் கதையில் செவிகளை எழுதும் பணியைத் துறவி தம் உதவியாளரிடம் விட்டதாகவும், பின்னர்ச் சரிபார்க்கத் தவறியதாகவும் உள்ளது. அவர் அதற்காக வருந்தவும் செய்கிறார். எனினும் அம்மறதி யாருக்கும் நேரக்கூடிய பொது மறதியன்று என்பதை அம்மாணவர்தாம் நமக்குக் காட்டினார்.

மற்றொன்றும் ஈண்டுச் சுட்டத்தக்கது. இதய சூத்திரம் வடமொழி மரபில் தோன்றிச் சீனம் வழியே ஜப்பானை அடைந்தது. கண், செவி, மூக்கு, நா முதலிய பொறிகளும் அவற்றின் புலன்களும் வெறுமையே என்பது அதன் சாரம். செவி என்பதே இல்லை என்று கூறும் மறையை உடலெங்கும் எழுதியவர்கள் செவியைக் கோட்டைவிட்டார்கள். இம்முரண் கதையை முதலில் கட்டியவருக்குத் தெரியாமல் அமைந்திருக்கும் என்று நம்மால் நம்ப இயலவில்லை.

எழுதியவரும் சொன்னவரும்

படத்திற்கு மூலம் லாஃப்காடியோ ஹெர்ன் 1904இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘குவைடான்’ முதலிய நூல்கள். ஹெர்ன் 1850இல் கிரேக்கத் தீவொன்றில் பிறந்தவர், அயர்லாந்தில் வளர்ந்தவர். பதினாறாம் அகவையில் பள்ளி விளையாட்டில் இடக்கண்ணை இழந்தார். அமெரிக்காவில் இதழாளராகப் பணியாற்றி, 1890இல் ஜப்பானை அடைந்து ஆசிரியரானார். கொய்சுமி செட்சு என்னும் பெண்மணியை மணந்து, 1896இல் அந்நாட்டுக் குடியுரிமையும் கொய்சுமி யாக்குமோ என்னும் பெயரும் பெற்றார். ‘குவைடான்’ வெளிவந்த அதே ஆண்டு மறைந்தார்.

ஹோயிச்சியின் கதை 1782இல் அச்சான ஒரு ஜப்பானியத் தொகுப்பில் உள்ளது. ஆயின் ஹெர்னுக்கு ஜப்பானிய நூல்களைத் தாமே தடையின்றிப் படிக்கும் ஆற்றல் இல்லை. செட்சு அம்மையாரே பழைய புத்தகக் கடைகளில் தேடிக் கதைகளைப் படித்துவந்து கணவருக்குச் சொன்னார். நூலைப் பார்த்துப் படிக்கக்கூடாது, தம் சொற்களில், தம் எண்ணமாகச் சொல்ல வேண்டும் என்பது ஹெர்ன் இட்ட நிபந்தனை. ஹோயிச்சியின் கதையை எழுதிவந்த நாள்களில் இருட்டிய பின்னும் அவர் விளக்கேற்றவில்லையாம். அடுத்த அறையிலிருந்து அம்மையார் மெல்லப் பெயர்சொல்லி அழைத்தால், தாம் குருடன் என்றும், அழைப்பது யார் என்றும் உள்ளிருந்து குரல் வருமாம். தோட்டத்து மூங்கிலிலைகள் காற்றில் சலசலத்தால், தைரா குலத்தார் மாய்கின்றனர் என்பாராம். இவற்றையெல்லாம் அம்மையார் தம் நினைவுக் குறிப்பில் பதிவு செய்துள்ளார். அக்குறிப்பு 1914இல் வெளிவந்தது.

பாடகன் வாயிலிருந்து ஏட்டுக்கும், ஏட்டிலிருந்து ஒரு மனைவியின் வாய்க்கும், அவ்வாயிலிருந்து ஆங்கில ஏட்டுக்கும், அங்கிருந்து மீண்டும் ஜப்பானியத் திரைக்கும் சென்ற கதை இது. நூலின் அட்டையில் ஹெர்னின் பெயர் உள்ளது. செட்சுவின் பெயர் இல்லை. நம் வீடுகளில் கதைசொல்லிய முதியோர் பெயர்களும் எந்த அட்டையிலும் இல்லை. நம் மாணவர்கள் நாட்டார் கதைகளைத் தொகுக்கச் செல்லும்போது, கதையைக் குறித்துக்கொள்வதோடு சொன்னவர் பெயரையும் ஊரையும் முதல் வரியிலேயே குறிக்குமாறு நாம் வலியுறுத்துவது இதனாலேயே.

இயக்குநரின் தோல்வி

கோபயாஷி 1916இல் பிறந்தவர். வசேதா பல்கலைக்கழகத்தில் கீழைநாட்டுக் கலையைப் பயின்றவர். போரை வெறுத்தவர், எனினும் 1942இல் படையில் சேர்க்கப்பட்டு மஞ்சூரியாவுக்கு அனுப்பப்பட்டார். தம் எதிர்ப்பின் அடையாளமாகப் பதவி உயர்வை ஏற்க மறுத்துக் கடைநிலைச் சிப்பாயாகவே இருந்தார். போரின் முடிவில் ஒக்கினாவாவில் சிறைப்பட்டிருந்தார். அப்பட்டறிவை ‘மனித நிலை’ என்னும் நெடும்படமாக 1959 முதல் 1961 வரை மூன்று பகுதிகளாக வெளியிட்டார். தோற்ற படையிலிருந்து உயிரோடு மீண்ட ஒருவர், தோற்ற படையின் ஆவிகள் தம் தோல்விப் பாட்டைக் கேட்டு அழும் காட்சியை அமைத்திருக்கிறார். இவ்விரண்டையும் இணைத்து அவர் ஏதும் கூறியதாக நாம் படித்ததில்லை. இணைத்துப் பார்ப்பது நம் துணிபு. 

படத்தின் பெரும்பகுதி பயன்படாது கிடந்த விமானக் கொட்டகை ஒன்றில் எடுக்கப்பட்டது. வானத்தைத் துணியில் தீட்டித் தொங்கவிட்டனர். கடற்போரையும் அரங்கினுள் தொட்டி நீரிலேயே அமைத்தனர். இதனால் படம் செயற்கையாக உள்ளது என்று குறை கூறுவோர் உண்டு. கூத்தரங்கில் ஒரு திரைச்சீலையை மலையென்று கொள்ளப் பழகியவர்க்கு இக்குறை தோன்றாது. நமக்குப் படத்தில் குறையாகப்படுவது வேறு. கோயில் ஏவலர் இருவரை நகைச்சுவைக்காகப் புகுத்தியுள்ளனர். அவர்தம் குறும்புகள் அளவுக்குமேல் நீண்டுவிடுகின்றன.

மூலத்திற்கும் படத்திற்கும் உள்ள வேறுபாடு இறுதியில்தான் தெளிவாகத் தெரிகிறது. ஹெர்னின் கதையில், செவியிழந்தபின் ஹோயிச்சியின் புகழ் பரவுகிறது, பெருமக்கள் பரிசில் பலவும் வழங்குகின்றனர், அவன் செல்வனாகிறான். அத்துடன் கதை முடிகிறது. படத்திலும் பரிசில்கள் வருகின்றன. ஆயின் அதற்குமுன் ஹோயிச்சி பேசுகிறான். உயிருள்ளவரை பிவாவை மீட்டுவேன், துயருறும் அவ்வாவிகள் ஆறுதல் பெறுமாறு மீட்டுவேன் என்கிறான். தன் செவிகளைப் பறித்தவர்களுக்காக இனி அஞ்சாமல் பாடப்போகிறான். முன்பு பாடியபோது கேட்போர் யாரென அவனுக்குத் தெரியாது, இப்போது தெரியும். ஆவிகளிடமிருந்து அவனை மறைப்பதே வழி என்று துறவி கருதினார். பாடகனோ மறைந்திருக்க விரும்பவில்லை. இவ்விடத்தில் படம் மூலநூலை விஞ்சி நிற்கிறது என்பதே நம் முடிபு.

அமிதாஜி கோயில் இன்று அப்பெயரில் இல்லை. மெய்ஜி ஆட்சியில் பௌத்தத்தையும் ஷிந்தோவையும் பிரித்தபோது அது ஷிந்தோத் திருத்தலமாக மாற்றப்பட்டது. இப்போது அதன் பெயர் அக்காமா. வாயில் கடலை நோக்கியுள்ளது. வளாகத்தில் தைரா குலத்தாரின் நினைவுக் கற்கள் உள்ளன. அவற்றின் அருகே சிறு மண்டபமொன்றில் பிவா ஏந்திய ஹோயிச்சியின் சிலை அமர்ந்திருக்கிறது. ஆண்டுதோறும் மே மாதம் 2, 3, 4ஆம் நாள்களில் குழந்தை அரசனுக்காக அங்கே விழா எடுக்கின்றனர்.